பயிற்சியாளர்கள் தரையில் உட்கார்ந்து பேசும் அந்த ஒன்றரை மணி நேரத்தைத் திருப்பிக் கொடுங்கள்

சென்னையில் ஆண்டுதோறும் உடற்பயிற்சித் துறை மாநாடு நடத்தும் ஒருங்கிணைப்புக் குழுவினருக்கு,

வரப்போகும் மாநாட்டின் நிகழ்ச்சி நிரலைப் போன வாரம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போட்டிருந்தார். இரண்டாம் நாள் பிற்பகல் 2 மணிக்கு என்ன இருக்கிறது என்றுதான் முதலில் பார்த்தேன். மூன்று ஆண்டுகளாக அந்த நேரத்தில் பயிற்சியாளர்கள் கலந்துரையாடல் இருந்தது. இந்த முறை இல்லை. அந்தக் கூடமும் அந்த ஒன்றரை மணி நேரமும் புரத மாவு மாதிரி சப்ளிமென்ட் விற்கும் ஒரு நிறுவனத்தின் அறிமுக நிகழ்ச்சிக்குப் போய்விட்டன. உங்கள் அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன். அந்த அமர்வுக்குத் தனியாகப் பேச்சாளர் கிடையாது, ஸ்பான்சர் கிடையாது, சொந்த அனுபவத்தைப் பேசுவதற்கு அறிவியல் அடிப்படையும் கிடையாது, அதனால் எடுத்துவிட்டோம் என்றார்கள். அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கிற மாதிரி இதை எழுதுகிறேன்.

நான் திண்டுக்கல்லில் 11 வருடமாக உடற்பயிற்சியாளராக இருக்கிறேன். முதல் 6 வருடம் சம்பளத்துக்கு வேலை பார்த்தேன். இப்போது ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால், முதல் மாடியில், சொந்தமாக ஜிம் நடத்துகிறேன். இரண்டு டிரெட்மில், ஒரு ஸ்குவாட் ரேக், ஒரு கேபிள் மெஷின், மற்றபடி டம்பெல்லும் பாயும்தான். காலை 10 மணிக்குப் பெண்கள் பேட்ச். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, சமையலை முடித்துவிட்டு வருவார்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் சர்க்கரை, பிரஷர், தைராய்டு, முழங்கால் வலி என்று ஏதாவது ஒன்று இருக்கும். போட்டிக்காக உடம்பு ஏற்றுகிறவர்கள் இரண்டே பேர்.

உங்கள் மாநாட்டுக்கு வர எனக்கு என்ன ஆகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன முறை கட்டணம் 4,500 ரூபாய். ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறி விடிகாலை எழும்பூரில் இறங்கினேன். லாட்ஜ், ஆட்டோ, சாப்பாடு எல்லாம் தனி. இரண்டு நாள் ஜிம்மைப் பூட்ட வேண்டும். மொத்தம் ஏறக்குறைய 9,500 ரூபாய். எங்கள் ஊரில் என் ஜிம்முக்கு நான் கட்டும் மாத வாடகையில் பாதிக்கு மேல். இவ்வளவு செலவழித்து மூன்று வருடமும் நான் வந்தது எதற்காக என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

முதல் வருடம் வந்தபோது கலந்துரையாடல் ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. பெரிய அரங்கில் நடக்கும் உரைகளுக்காகத்தான் வந்தேன். முதுகுவலி பற்றி ஒரு பிசியோதெரபிஸ்ட் பேசியது உண்மையிலேயே நன்றாக இருந்தது, அதை மறக்க மாட்டேன். மற்றதெல்லாம் வேகமான ஆங்கிலம், வெளிநாட்டு விளையாட்டு வீரர்களின் வரைபடங்கள், கடைசி ஸ்லைடில் ஏதாவது பொருளுக்கான தள்ளுபடிக் குறியீடு. என் பக்கத்தில் விருதுநகரில் இருந்து வந்த ஒரு தம்பி உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு ஸ்லைடையும் போனில் படம் பிடித்துக்கொண்டே இருந்தான். எதற்கு என்று கேட்டேன். "ஊருக்குப் போய் யார்கிட்டயாவது அர்த்தம் கேட்டுக்கலாம்க்கா" என்றான். அவனும் 4,500 கட்டித்தான் வந்திருந்தான்.

இரண்டாம் நாள் மதியம் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் தேடிப் போனபோதுதான் கடைசியில் இருந்த அந்தச் சின்னக் கூடத்தைப் பார்த்தேன். ஏ.சி. சரியாக வேலை செய்யவில்லை. நாற்காலிகளை ஓரமாக அடுக்கிவிட்டு நாற்பது பேர் பாயில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அங்கே ஒரே ஒரு விதிதான். அவரவர் ஜிம்மில் தவறாகப் போன ஒன்றைச் சொல்ல வேண்டும். சாதித்ததைச் சொல்லக் கூடாது. ஒருவர் சொல்லி முடித்ததும் மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள், தெரிந்தவர் வழி சொல்வார். நான் வாசலிலேயே நின்று கேட்டேன். கால் வலித்ததும் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கு நாகர்கோவிலில் இருந்து வந்த ஒரு அண்ணாச்சி பேசினார். அறுபது வயது இருக்கும். அந்தக் காலத்துத் தேகப்பயிற்சிச் சாலையில் கர்லாக்கட்டை சுற்றி வளர்ந்தவர். வயதானவர்களுக்கு ஸ்குவாட், அதாவது முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழும் பயிற்சி, சொல்லிக் கொடுக்கப் போய் ஒரு பாட்டியின் முழங்காலைக் கெடுத்துவிட்டேன் என்று ஆரம்பித்தார். அதன்பிறகு என்ன செய்கிறார் என்பதைச் சொல்லவில்லை, செய்தே காட்டினார். ஓரத்தில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியை ஒதுக்கிவிட்டு, கனமான நாற்காலி ஒன்றை இழுத்துவந்து, முதுகுப்பக்கம் சுவரில் முட்டும்படி போட்டார். என்னை உட்காரச் சொன்னார். இருக்கையின் நுனிக்கு நகர்ந்து வரச் சொன்னார். பாதத்தை முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் இழுத்து வைக்கச் சொன்னார். "தங்கச்சி, முதல்ல மூக்கு கால் பெருவிரலுக்கு நேரா வரட்டும், அப்புறம் எழும்பு" என்றார். எழுந்தேன். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மூன்று எண்ணிக்கையில் இறங்கச் சொன்னார். எண்ணுவதை வாய்விட்டு எண்ண வேண்டும். எண்ணிக்கொண்டே இருந்தால் மூச்சைப் பிடிக்க முடியாது, பிரஷர் உள்ளவர்களுக்கு அதுதான் முக்கியம் என்றார். ஐந்தாவது தடவை எழுந்தபோது, எடை எதுவும் இல்லாமலே என் தொடையில் வேலை நடப்பது தெரிந்தது.

அந்த நாற்காலிப் பயிற்சியை ஊருக்குக் கொண்டுவந்தேன். என்னிடம் 63 வயது அம்மா ஒருவர் இருக்கிறார். பேரனோடு தரையில் உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும் என்பதால் சோபாவிலேயே இருந்தவர். வாரம் மூன்று நாள், முதலில் நாற்காலியின் மேல் இரண்டு தலையணை வைத்து உயரத்தைக் கூட்டி, அப்புறம் ஒன்றை எடுத்து, அப்புறம் இரண்டையும் எடுத்து, கடைசியில் சின்ன முக்காலி. நான்கு மாதம் ஆனது. ஒருநாள் என் ஜிம் பாயில் உட்கார்ந்து, ஒரு கையை மட்டும் ஊன்றி, தானாக எழுந்தார். எழுந்ததும் முதலில் வாசலைப் பார்த்தார், வெளியே நின்றிருந்த மருமகள் பார்த்தாளா என்று.

அறிவியல் அடிப்படை இல்லை என்றீர்களே, அதற்கும் வருகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது உடல் சமநிலைக்கும் வலுவுக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்று இருக்கிறது. அண்ணாச்சி செய்வது அதைத்தான். அந்த அறிக்கை என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது. எந்த நாற்காலியில், பாதத்தை எங்கே வைத்து, எத்தனை தலையணையில் ஆரம்பிப்பது என்பதை அண்ணாச்சியிடம்தான் கற்றேன்.

அடுத்தது என்னுடைய தவறு. இரண்டாம் வருடம் நான் சொன்னது.

பூட்டுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் என்னிடம் சேர்ந்தார். 52 வயது. இதயம் நிமிடத்துக்கு அதிகபட்சம் எத்தனை துடிக்கலாம் என்பதற்கு 220இல் இருந்து வயதைக் கழிக்கும் ஒரு கணக்கு உண்டு. கழித்தால் 168, அதில் எழுபது சதவீதம் ஏறக்குறைய 118. படித்ததை வைத்து அந்தத் துடிப்பு வரும்வரை டிரெட்மில்லில் நடக்கவைக்க நினைத்தேன். அரைமணி நேரம் ஆகியும் துடிப்பு 98ஐத் தாண்டவில்லை. ஆள் சோம்பேறித்தனம் பண்ணுகிறார் என்று நினைத்துச் சாய்வைக் கூட்டினேன். மறுபடி கூட்டினேன். அவர் கைப்பிடியை இறுகப் பிடித்தார். முகம் வெளிறி, உதடு நிறம் மாறியதைப் பார்த்துத்தான் மெஷினை நிறுத்தினேன். உட்காரவைத்துக் காலைத் தூக்கி வைத்தபின் சரியானார். ஒரு வாரம் வரவில்லை. அந்த ஒரு வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை. என்ன தவறு செய்தேன் என்றும் எனக்குத் தெரியவில்லை.

வட்டத்தில் இதைச் சொன்னதும் கும்பகோணத்தில் இருந்து வந்திருந்த ஒரு அக்கா என்னைக் கேட்ட முதல் கேள்வி, "அவர் என்ன மாத்திரை சாப்பிடுறார்?" எனக்குத் தெரியாது. நான் கேட்டதே இல்லை. அந்த அக்கா முன்னால் நர்ஸாக இருந்தவர். "பேரு 'லால்'னு முடியுதான்னு பாரும்மா" என்றார். மெட்டோப்ரோலால், அட்டெனலால், பிசோப்ரோலால். இதயத் துடிப்பை ஏறவிடாமல் பிடித்துவைக்கிற பீட்டா பிளாக்கர் மாத்திரைகள். அதைச் சாப்பிடுகிறவருக்கு 220 கணக்கு பொருந்தாது. திரையில் 98 என்று காட்டும்போதே அவர் உடம்பு முழு வேலை செய்துகொண்டிருக்கும். அப்படிப்பட்டவரிடம் எண்ணைப் பார்க்காதே, பேச்சைக் கேள் என்றார் அக்கா. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் நடுத்தர அளவு. பேச்சே திணறினால் குறைத்துவிடு.

ஊருக்கு வந்து அவரிடம் கேட்டேன். சட்டைப் பையில் இருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். மெட்டோப்ரோலால். அன்றிலிருந்து என்னிடம் சேருகிறவர்கள் முதல் நாள் வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டையையும் கொண்டுவர வேண்டும். இன்சுலினோ, சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் என்றால் சாப்பிட்ட நேரத்தையும் கேட்டு எழுதிக்கொள்கிறேன். ஜிம்மில் ஒரு டப்பா சர்க்கரை எப்போதும் இருக்கும். யாருக்காவது சர்க்கரை இறங்கிப்போய்க் கை நடுங்கி வியர்த்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை தண்ணீரில், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. இதுவும் அந்த வட்டத்தில் கற்றதுதான். 2023இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல். அந்த ஆய்வில் பெரும் பங்கு வகித்தது உங்கள் சென்னையிலேயே இருக்கும் மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு அறக்கட்டளை. நம் ஜிம்களுக்குள் வரப்போகிறவர்கள் அவர்கள்தான். மாநாட்டின் பெரிய மேடையில் மூன்று வருடமாக நான் மாத்திரை என்ற சொல்லைக் கேட்கவில்லை.

மூன்றாவதாக ஒன்றைச் சொல்ல வேண்டும். எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். சொன்னவரின் அனுமதி வாங்கியே எழுதுகிறேன்.

ஈரோட்டில் இருந்து வந்த ஒரு அண்ணன், நல்ல உடற்கட்டு, ஆணழகன் போட்டிகளில் பதக்கம் வாங்கியவர். அவர் ஜிம்மில் 38 வயதுக்காரர் ஒருவர் தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் சுருண்டு விழுந்தார். கை கால் இழுத்தது. கொர் கொர்ரென்று மூச்சு வந்தது. "நாங்க வலிப்புன்னு நெனச்சோமுங்க. சாவியை எடுத்துக் கையில வெச்சோமுங்க" என்றார் அவர். முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். சுற்றிலும் காற்று வரட்டும் என்று கூட்டத்தை விலக்கினார்கள். 108க்கும் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சில் யாரும் கை வைக்கவில்லை. இதயம் நின்றுபோன ஆரம்பத்தில் உடம்பு வலிப்பு மாதிரி இழுக்கலாம், விட்டுவிட்டு வரும் அந்தக் கொர்ரென்ற சத்தம் உண்மையான மூச்சே இல்லை என்பது அந்த ஜிம்மில் இருந்த யாருக்கும் தெரியாது. நெஞ்சை அழுத்திக் கொடுக்கும் முதலுதவியான சி.பி.ஆர். இல்லாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. அவர் பிழைக்கவில்லை.

அண்ணன் சொல்லி முடித்ததும் கூடத்தில் சத்தமே இல்லை. கும்பகோணத்து அக்காதான் எழுந்தார். இரண்டு யோகா பாயை இறுக்கமாகச் சுருட்டி, துண்டால் கட்டி, நடுவில் போட்டார். மார்பின் நடு எலும்பில் உள்ளங்கையின் அடிப்பகுதி, முழங்கை மடங்கக் கூடாது, குறைந்தது 5 சென்டிமீட்டர் இறங்க வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுதாக மேலே வரவிட வேண்டும். வாயில் ஊதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அழுத்துவதை நிறுத்தாதே. முதலில் ஈரோட்டு அண்ணனைச் செய்யச் சொன்னார். இரண்டு நிமிடம் முடிவதற்குள் அவர் கை நடுங்க ஆரம்பித்தது. அதனால்தான் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்றார் அக்கா. நாற்பது பேரும் வரிசையில் நின்று செய்தோம். நேரம் முடிந்துவிட்டது என்று உங்கள் தன்னார்வலர் வந்து சொன்னபோது இன்னும் ஏழு பேர் பாக்கி. வராந்தாவில் பாயைப் போட்டு அவர்களையும் செய்யவைத்துவிட்டுத்தான் கலைந்தோம்.

வெளியே வந்து வரவேற்பு மேசையில் ஒன்று கேட்டேன். இந்த அரங்கில் ஏ.இ.டி. எங்கே இருக்கிறது? இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் அந்தக் கருவி. அங்கிருந்த மூன்று பேருக்கும் அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. அந்த இரண்டு நாளும் பளு தூக்கும் போட்டி அதே அரங்கில் நடந்துகொண்டிருந்தது.

2021 அக்டோபர் 29 அன்று நடிகர் புனித் ராஜ்குமார் பெங்களூருவில் மாரடைப்பால் இறந்தார். 46 வயது. அன்று காலை உடற்பயிற்சி செய்தபின் உடம்பு சரியில்லாமல் போனது என்று செய்தி வந்தது. அந்த வாரம் என் ஜிம்முக்கு வருகிறவர்களின் வீட்டில் இருந்து எத்தனை போன் வந்தது என்று கணக்கில்லை. இன்றைக்கும் புதிதாகச் சேர வருகிறவர்கள் அதைக் கேட்காமல் போவதில்லை. இந்த நாட்டில் ஜிம் மாஸ்டராக வேலை பார்க்க அரசு உரிமம் எதுவும் கட்டாயம் இல்லை. நன்றாக உடம்பு வைத்திருந்தால் போதும், நாளைக்கே நாலு பேருக்குச் சொல்லிக் கொடுக்கலாம். அந்த நிலையில், ஒரு பயிற்சியாளர் தன் தவறை வெளியே சொல்லித் திருத்திக்கொள்ள எனக்குத் தெரிந்து இருந்த ஒரே இடம் அந்தக் கூடம்.

தவறான தகவல் பரவாதா என்று உங்கள் அலுவலகத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். போன வருடம் வட்டத்தில் ஒருவர், வயிற்றில் பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டு ஓடினால் தொப்பை குறைகிறது என்றார். அவர் வாயை மூடுவதற்குள் மூன்று பேர் மறுத்துவிட்டார்கள். குறைவது தண்ணீர்தான், வெயில் காலத்தில் அது ஆபத்து என்று விளக்கினார்கள். அவரும் கேட்டுக்கொண்டார். அதே நாள் காலையில் பெரிய மேடையில் ஒருவர், இடுப்பில் கட்டும் ஒரு பெல்ட்டைக் காட்டி, அந்த இடத்துக் கொழுப்பை மட்டும் கரைக்கும் என்றார். நான் கை தூக்கினேன். கேள்வி நேரம் இல்லை என்று மைக்கை அணைத்துவிட்டார்கள்.

ஸ்பான்சர் விஷயத்துக்கு வருகிறேன். அரங்க வாடகை எவ்வளவு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஸ்டால்கள் இல்லாமல் மாநாடு நடக்காது, சரி. ஆனால் போன முறை நான் நடந்து எண்ணியபோது 31 ஸ்டால்களில் 19 புரத மாவு, பயிற்சிக்கு முன் குடிக்கும் ப்ரீ ஒர்க்அவுட் பவுடர், கொழுப்பு கரைக்கும் என்று விற்கும் மாத்திரை. 2024இல் இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரத மாவுகளைச் சோதித்த ஆய்வு ஒன்று வெளியானது. அதில் ஏறக்குறைய எழுபது சதவீதத்தில் டப்பாவில் போட்டிருந்த புரத அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை. அந்த ஆய்வைப் பற்றி உங்கள் மேடையில் ஒரு வார்த்தை வரவில்லை. ஸ்டாலில் என்னிடம் சொன்னதெல்லாம் ஒரு டப்பா விற்றால் எனக்கு 15 சதவீதம் என்பதுதான். என்னிடம் வரும் ஒரு பையன் துணிக்கடையில் வேலை பார்க்கிறான், மாதம் 11,000 சம்பளம். வேறொரு ஜிம்மில் சொன்னார்கள் என்று 3,200 ரூபாய் டப்பாவைக் கடனுக்கு வாங்கி வைத்திருந்தான். இரண்டு முட்டையில் ஏறக்குறைய 12 கிராம் புரதம் இருக்கிறது, கொண்டைக்கடலை ஊறவைத்துச் சுண்டல் பண்ணு, தயிர் சேர்த்துக்கொள் என்று உட்காரவைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். இந்தக் கணக்கைப் போட வழியில்லாத பயிற்சியாளர் அந்தப் பையனிடம் டப்பாவைத்தான் விற்பார். ஏற்கெனவே 19 ஸ்டால் இருக்கும் இடத்தில், இருபதாவதாக எங்கள் கூடத்தையும் அவர்களுக்கே கொடுக்கிறீர்கள்.

பெண்களைப் பற்றி ஒன்று சொல்லாமல் முடிக்க மாட்டேன். முதல் வருடம் அந்த வட்டத்தில் நாங்கள் 6 பேர். போன வருடம் 14 பேர். பெரிய அரங்கில் மைக் முன்னால் எழுந்து கேள்வி கேட்ட பெண் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. பாயில் உட்கார்ந்தபோதுதான் பேச்சு வந்தது. தஞ்சாவூர்ப் பக்கம் இருந்து வந்த ஒரு தங்கச்சி, தன் பேட்சில் ஜம்பிங் ஜாக் என்ற குதிக்கும் பயிற்சி ஆரம்பித்ததும் நான்கு பெண்கள் காரணம் சொல்லாமல் நின்றுவிட்டார்கள் என்றாள். ஆண்கள் கொஞ்ச நேரம் வெளியே போய் இருங்கள் என்று கும்பகோணத்து அக்கா சொல்ல, அவர்களும் மறுபேச்சில்லாமல் எழுந்து போனார்கள். அப்புறம் அக்கா விளக்கினார். பிரசவத்துக்குப் பிறகு, இடுப்புக்கு அடியில் உள்ள தசை தளர்ந்தவர்களுக்குக் குதித்தால், இருமினால், சிறுநீர் கசியும். வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல் நின்றுவிடுவார்கள். சிறுநீரை அடக்குவது போல அந்தத் தசையைச் சுருக்கி, ஐந்து எண்ணும்வரை வைத்து, மூச்சைப் பிடிக்காமல் விடச் சொல்லிக் கொடு. குதிப்பதற்குப் பதில் படியேறி இறங்கட்டும். கர்ப்பப்பை இறக்கம் என்று டாக்டர் சொன்னவர்களுக்குப் பளுவைக் கூட்டுவதற்கு முன்னால் டாக்டரைக் கேள்.

ஊருக்கு வந்து, என்னிடம் நின்றுபோன ஐந்து பேருக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தேன். மூன்று பேர் ஆமாம் என்றார்கள். ஒருவர் அழுதுவிட்டார். இரண்டு பேர் திரும்பி வந்து இன்றைக்கும் வருகிறார்கள். இது எந்த உரையில் வந்திருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

இனி நான் கேட்பவை.

இரண்டாம் நாள் பிற்பகல் 2 முதல் 3.30 வரை இருந்த கலந்துரையாடலை அதே நேரத்தில், அதே கூடத்தில் திரும்பக் கொடுங்கள். மாலை 6 மணிக்கு மேல் தள்ளிவைத்தால் வெளியூர்க்காரர்கள் ரயிலுக்குக் கிளம்பிவிடுவோம், அது எடுத்துவிட்டதற்குச் சமம். வழிநடத்த ஆள் வேண்டும் என்றால் ஒரு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ வட்டத்தில் எங்களோடு உட்காரவையுங்கள். தவறாக ஏதாவது வந்தால் அவர் திருத்தட்டும். எங்களுக்கு அதில் சந்தோஷம்தான்.

மாநாட்டுக்கு வரும் ஒவ்வொரு பயிற்சியாளரும் பொம்மையில் சி.பி.ஆர். செய்து பழகிவிட்டுத்தான் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று வையுங்கள். அரங்கில் ஏ.இ.டி. இருக்க வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று வாசலிலேயே பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

ஒரு கூடத்திலாவது இரண்டு நாளும் தமிழில் உரைகள் நடக்க வேண்டும். ஆங்கில உரைகளுக்குத் தமிழில் இரண்டு பக்கக் குறிப்பு அச்சடித்துக் கொடுங்கள். மொழிபெயர்க்க ஆள் இல்லை என்றால் எங்கள் குழுவில் நான்கைந்து பேர் கூலி இல்லாமல் செய்யத் தயாராக இருக்கிறோம். உரைகளை ஒரு மாதம் முன்னால் அனுப்பினால் போதும்.

மேடையில் பேசுகிறவர் ஒரு நிறுவனத்திடம் பணம் வாங்குகிறார் என்றால் பேச்சை ஆரம்பிக்கும் முன் அதைச் சொல்ல வேண்டும். தள்ளுபடிக் குறியீடு ஸ்டாலில் இருக்கட்டும், ஸ்லைடில் வேண்டாம். ஒவ்வொரு உரைக்கும் பத்து நிமிடம் கேள்வி நேரம் கட்டாயம். ஸ்டால் போடும் சப்ளிமென்ட் நிறுவனங்கள் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணையும், வெளி ஆய்வகத்தில் எடுத்த சோதனை அறிக்கையையும் பார்க்கிற மாதிரி வைக்க வேண்டும். காட்ட முடியாதவர்களுக்கு இடம் கொடுக்காதீர்கள்.

பெண் பயிற்சியாளர்களுக்கென்று கதவு சாத்திய ஒரு அமர்வு, ஒரு மணி நேரமாவது, மகப்பேறு மருத்துவர் ஒருவருடன் வேண்டும்.

கட்டணத்தில், சென்னைக்கு வெளியே இருந்து வரும் சின்ன ஜிம் பயிற்சியாளர்களுக்குப் பாதி. விருதுநகர்த் தம்பி இந்த வருடம் வரவில்லை என்று சொல்லிவிட்டான், அவனை மனதில் வைத்துத்தான் இதைக் கேட்கிறேன்.

நிகழ்ச்சி நிரல் அச்சுக்குப் போவதற்கு முன்னால் இதற்குப் பதில் வேண்டும். போனில் வேண்டாம், எழுத்தில் கொடுங்கள். இந்த மடலைப் படித்துத் தங்கள் பெயரையும் சேர்க்கச் சொன்ன 26 பயிற்சியாளர்களிடம் நான் அதைக் காட்ட வேண்டும். நாகர்கோவில் அண்ணாச்சி ஏற்கெனவே டிக்கெட் எடுத்துவிட்டார். கூடத்தை மட்டும் கொடுங்கள். பாய்களையும் நாற்காலியையும் நாங்களே கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
திண்டுக்கல்லில் இருந்து ஒரு உடற்பயிற்சியாளர்